இந்த ஆடிக்கு வேலி, அடுத்த ஆடிக்குக் கிழங்கு

திருச்செங்கோடு,
ஆனி மாதம்.

அன்புள்ள அம்மிணி,

புது வீட்டுத் தோட்டத்தில் வைக்கக் கண்வலிக் கிழங்கு வேண்டும் என்று கேட்டாயே, அன்றைக்கு முழுக்க எனக்கு மனசு நிறைந்து இருந்தது. இந்தக் காலத்தில் யார் இதைக் கேட்கிறார்கள்? நர்சரிக்குப் போனால் பெயர் தெரியாத செடி நூறு இருக்கும், நம் இட்டேரியில் நின்ற செடி ஒன்று இருக்காது. போனில் 'சரி கண்ணு, தர்றேன்' என்று சொல்லி முடித்துவிடலாம்தான். இந்தச் செடி அப்படிக் கொடுத்துவிடுகிற செடி இல்லை. எழுதிக் கொடுத்தால் எடுத்து வைத்திருந்து வேண்டும்போது பார்ப்பாய் என்றுதான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த ஆடிக்கு உனக்குக் கிழங்கு கிடையாது. கிளுவைப் போத்துத்தான் தரப்போகிறேன். அதை நட்டு, வேலி பிடித்து, தழைத்த பிறகு அடுத்த ஆடிக்குக் கிழங்கு. கோபப்படாமல் ஏன் என்று கேள்.

நீ பிறப்பதற்கு முன்னால் உன் அப்பாரு காட்டுக்குப் போகிற வழி முழுக்க இட்டேரிதான். ரெண்டு பக்கமும் ஆள் உயரத்துக்குக் கிளுவை வேலி, நடுவில் ஒரு வண்டி போகிற அகலம். சித்திரை, வைகாசியில் பார்த்தால் வேலி செத்துப்போன மாதிரி மொட்டையாக நிற்கும். ஒரு மழை விழுந்து நாலு நாள் கழித்துப் போனால் நாம் பார்த்த வேலியா இது என்று இருக்கும். கிளுவை துளிர்த்திருக்கும். அதன்மேல் கோவைக்கொடி, வேலிப்பருத்தி, முடக்கத்தான், பிரண்டை, சிறுகுறிஞ்சான், குண்டுமணி என்று ஒன்றை ஒன்று பிடித்துக்கொண்டு ஏறும். அடியில் தூதுவளையும் தும்பையும். அந்தக் கூட்டத்துக்குள்ளிருந்துதான் கண்வலிச் செடி தலையை நீட்டும். ஐப்பசி, கார்த்திகையில் வேலிக்கு மேலே அங்கங்கே தீ வைத்தாற்போல் பூத்து நிற்கும். 'அதையே பார்த்துக்கிட்டு நிக்காதே, கண்ணு வலிக்கும்' என்று உன் அப்பத்தா கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவார்கள். அப்படிச் சொல்லியே பிள்ளைகளை அந்தச் செடிக்குப் பக்கத்தில் விடாமல் வைத்திருந்தார்கள். அது எவ்வளவு பெரிய காரியம் என்று பின்னால் எழுதுகிறேன்.

இப்போது அந்த இட்டேரி தார் ரோடு. வேலி இருந்த இடத்தில் கல்கால் நட்டுக் கம்பி இழுத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டிகள் நிறுத்துகிற இடம், இன்னொரு பக்கம் தறிக் கொட்டகை. பிழைப்புக்கு வந்தவற்றை நான் குறை சொல்லமாட்டேன். ரிக்கும் தறியும் இல்லாவிட்டால் இந்த ஊரில் பாதிப் பேர் சோறு தின்றிருக்கமாட்டோம், உன் அப்பனைப் படிக்க வைத்ததும் அந்தக் காசுதான். ஆனால் வேலி போனபோது அதோடு என்னென்ன போயின என்று யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்பது எனக்குப் பெரிய வருத்தம். கண்வலிச் செடியை யாரும் வேண்டுமென்று அழிக்கவில்லை. அது நின்ற வேலியை எடுத்தார்கள், அதுவும் போய்விட்டது. இந்த ஊரில் இப்போது அதைப் பார்க்க வேண்டுமானால் என் வீட்டுக்குப் பின்னால்தான் வரவேண்டும்.

அதனால்தான் சொல்கிறேன், இது தனியாக ஒரு தொட்டியில் வைத்து வளர்க்கிற செடி இல்லை. வைத்தால் வரும், ஒரு வருசம் பூக்கவும் பூக்கும். அது ஏன் போதாது என்பது, செடி வாழ்கிற விதத்தைப் பார்த்தால் உனக்கே விளங்கும்.

தண்டு ரொம்ப மெலிசு. தன் பலத்தில் நிற்காது. ஆனால் பத்தடிக்குமேல்கூடப் போகும். எப்படிப் போகிறது தெரியுமா? பாகலுக்கு இருக்கிற மாதிரி தனியாகப் பற்றுக்கம்பி இதற்குக் கிடையாது. இலையின் நுனியே நீண்டு சுருளும். காற்றில் ஆடி ஆடி எதன்மேலாவது பட்டால், அதை ஒரு சுற்று, ரெண்டு சுற்று சுற்றிப் பிடித்துக்கொள்ளும். அந்த நுனி குச்சிக் கனம் உள்ளதைத்தான் பிடிக்கும். கல்காலையோ சுவரையோ அதால் பிடிக்க முடியாது. கிளுவைக் கொப்பும் முள்ளும் அதற்குச் சரியான அளவு. வேருக்கு நிழல் வேண்டும், தலைக்கு வெயில் வேண்டும். வேலிக்கு அடியில் விழுந்து மக்கிய சருகுதான் அதற்கு எரு. இவ்வளவையும் ஒரே இடத்தில் கொடுப்பது உயிர்வேலி மட்டும்தான். கம்பியில் ஏறாது என்று சொல்லமாட்டேன், மூலனூர்ப் பக்கம் கம்பி கட்டித்தான் ஏற்றுகிறார்கள். நம் ஊர்க் கம்பிவேலிக்கு அடியில் என்ன இருக்கிறது? களைக்கொல்லி அடித்துச் சுட்ட மண். அங்கே எது முளைக்கும்?

மூலனூர் பேச்சு வந்ததால் அதையும் சொல்கிறேன். தாராபுரம், மூலனூர், அரவக்குறிச்சி, ஒட்டன்சத்திரம் பக்கமெல்லாம் இதைக் காடு காடாகப் பயிர் செய்கிறார்கள். பூவுக்காக இல்லை, விதைக்காக. விதையிலும் கிழங்கிலும் கோல்ச்சிசின் என்று ஒரு சரக்கு இருக்கிறது, விதையில் அதிகம். வாதத்தில் ஒரு வகை, கால் பெருவிரல் வீங்கி நெருப்பாய்ச் சுடுமே, கவுட் என்பார்களே, அதற்கு அது ஒரு மருந்து. ஐரோப்பாவரைக்கும் இங்கேயிருந்து விதை போகிறது. இதே கோல்ச்சிசினை வைத்துச் செடிகளின் குரோமோசோமை இரட்டிப்பாக்கலாம் என்று 1937இல் பிளேக்ஸ்லீ என்கிற அமெரிக்க விஞ்ஞானி காட்டினார். விதையில்லாத தர்ப்பூசணி பிறந்தது அந்த வழியில்தான். நம் இட்டேரி ஓரத்துச் செடிக்குள் இருக்கிற சரக்கு எங்கெல்லாம் வேலை செய்கிறது பார்.

ஒரு கல்யாணத்துக்கு மூலனூர் போனபோது காலை நேரத்தில் ஒரு காட்டுக்குள் போய் நின்று பார்த்தேன். பெண்கள் வரிசை வரிசையாக நின்று ஒவ்வொரு பூவாகத் தொட்டுக்கொண்டு போனார்கள். ஒரு பூவின் மகரந்தத்தை எடுத்து இன்னொரு பூவின் சூல்முடியில் வைக்கிறார்கள். மனுசர் கை வேண்டியிருக்கிறதே ஏன் என்று பூவைப் பக்கத்தில் பார்த்தால்தான் தெரியும். மொட்டு பச்சையாகத் தலைகீழாகத் தொங்கும். விரியும்போது ஆறு இதழும் கீழே விரியாமல் அப்படியே மேல்நோக்கி மடங்கி நிற்கும். ஓரமெல்லாம் நெளிநெளியாக இருக்கும். முதல் நாள் பச்சையும் மஞ்சளும். அப்புறம் நுனியிலிருந்து சிவப்பு இறங்கும், அடியில் மஞ்சள் கொஞ்சம் நிற்கும். கடைசியில் முழுக்கச் சிவப்பு. ஒரே கொடியில் அத்தனை நிறத்தையும் ஒரே நேரத்தில் பார்க்கலாம். இதழ் மேலே போய்விட்டதால் மகரந்தக் காம்பு ஆறும் வெளியே நாலாபக்கமும் நீட்டிக்கொண்டு நிற்கும். சூல்தண்டு கீழே நேராகத் தொங்காமல், புறப்பட்ட இடத்திலேயே ஒரு மடங்கு மடங்கிப் பக்கவாட்டில் போகும். தன் மகரந்தம் தன்மேலேயே விழாமல் இருக்க அப்படி ஒரு ஏற்பாடு. தேன் குடிக்க வருகிற பட்டாம்பூச்சியோ தேன்சிட்டோ இந்தப் பூவில் உரசி அந்தப் பூவில் உரசினால்தான் காய் பிடிக்கும். ஏக்கர் கணக்கில் இதை மட்டும் நட்டிருக்கிற இடத்தில் அத்தனைப் பூவுக்கும் பூச்சிக்கு எங்கே போவது? அதனால்தான் ஆள் விட்டுத் தொடுகிறார்கள்.

என் வேலியில் நான் ஒரு பூவையும் தொடுவதில்லை. காய் பிடிக்கத்தான் செய்கிறது. வேலியில் வேறு பத்துப் பூ இருப்பதால் பூச்சி எப்போதும் அங்கேயே கிடக்கிறது. காலையில் தேன்சிட்டு வந்து தொங்கிக்கொண்டு இருக்கும். போன கார்த்திகையில் பட்டாம்பூச்சி அந்தச் செடியைவிட்டு நகரவே இல்லை. வேலியை முதலில் வை என்று நான் அடம்பிடிப்பதற்கு இது ஒன்றே போதும்.

சின்ன வயசில் எனக்கு இது வேலிப் பூ மட்டும்தான். பிற்பாடு படிக்கும்போதுதான் இதற்கு எவ்வளவு பெரிய இடம் என்று தெரிந்தது. கபிலர் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்களை வரிசையாகச் சொல்கிறாரே, அதில் முதல் பூவே செங்காந்தள்தான், நம் கண்வலிப் பூ. திருமுருகாற்றுப்படையில் முருகன் தலையில் சூடியிருப்பது காந்தள் கண்ணி. பெண்களின் விரலுக்கு அந்தக் காலத்துப் புலவர்கள் திரும்பத் திரும்ப இதைத்தான் உவமை சொன்னார்கள். நம் மலைமேல் செங்கோட்டு வேலவர் சன்னிதியில் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்த நினைப்பு வரும், அவருக்கு உரிய பூ அடிவாரத்து வேலியில் இல்லையே என்று. தமிழ்நாட்டுக்கு மாநில மலர் இதுதான். ஈழத்தில் கார்த்திகைப்பூ என்று தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறார்கள். ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வேக்கும் தேசிய மலர். அந்த நாடு தெற்கு ரொடீசியாவாக இருந்த 1947இல் எலிசபெத் இளவரசி போனபோது, இந்தப் பூ வடிவத்தில் வைர புரூச் செய்து கொடுத்தார்களாம். அத்தனை பேரும் கொண்டாடுகிற பூவுக்கு நம் ஊரில் நிற்க ஒரு வேலி இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அமெரிக்காவில் ஆல்டோ லியோபோல்ட் என்று ஒருவர் இருந்தார். விஸ்கான்சினில் பேராசிரியர். 1949இல், அவர் இறந்த மறு வருசம், அவருடைய புத்தகம் வந்தது. அதில் ஒரு கட்டுரை. அந்த ஊரில் ஒரு காலத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் புல்வெளிதான், பிரெய்ரி என்பார்கள். எல்லாம் உழுது வயலாகிவிட்டது. ஒரு பழைய இடுகாட்டு மூலையில் மட்டும், வேலி இருந்ததால் அரிவாளும் புல்வெட்டியும் போகாமல், ஒரு துண்டு புல்வெளி மிச்சம் இருந்தது. அதில் சில்ஃபியம் என்று ஆள் உயரத்துக்கு வளர்கிற மஞ்சள் பூச்செடி. வருசா வருசம் அது பூக்கிற நாளை அவர் போய்ப் பார்த்து எழுதி வைப்பார். ஒரு வருசம் ஜூலை கடைசியில் பூத்ததைப் பார்த்துவிட்டு வந்தார். ஆகஸ்டு மூன்றாம் தேதி மறுபடி போனால், ரோடு வேலைக்காரர்கள் வேலியை எடுத்துவிட்டிருந்தார்கள், செடியையும் வெட்டியிருந்தார்கள். அதைப் படித்தபோது எனக்கு நம் இட்டேரிதான் கண்ணில் நின்றது. அந்தச் செடியைத் தோண்டித் தன் இடத்துக்குக் கொண்டுபோகவும் அவர் பார்த்திருக்கிறார். வேர் அவ்வளவு ஆழம், முடியவில்லை. பிறகு விதை போட்டு வளர்த்தார். வருசக்கணக்காகியும் பூவுக்கு வரவில்லை. அங்கேயும் காட்டுப் பூவுக்கு அவசரம் கிடையாது. இப்போது அந்தப் பக்கம் வீட்டு முன்புறத்துப் புல்லை எடுத்துவிட்டு, அந்த மண்ணுக்கு உரிய உயரமான பிரெய்ரிச் செடிகளைத் திரும்ப வைக்கிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். நம் கொங்குச் சீமையின் பிரெய்ரி கொறங்காடு. கொழுக்கட்டைப் புல், நடுவில் வெள்வேல மரம், சுற்றிலும் கிளுவை வேலி. காங்கேயம், தாராபுரம் பக்கம் மாட்டுக்காகவும் ஆட்டுக்காகவும் அதை இன்னும் விடாமல் வைத்திருக்கிறார்கள். உன் வீட்டுக்குப் பின்னால் இருக்கிற பத்து சென்ட்டை நீ கொறங்காடு ஆக்க முடியாது. ஒரு பக்க வேலியை ஆக்கலாம்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

கிளுவைப் போத்து என் வேலியிலிருந்தே வெட்டித் தருகிறேன். கைக்கட்டை விரலைவிடக் கனமானது, மார்பு உயரம். வெட்டி ஒரு வாரம் நிழலில் கிடத்திப் பால் அடங்கவிட வேண்டும். அப்புறம் முக்கால் அடிக்குக் கடப்பாரையில் குழி போட்டு, ஒரு சாண் இடைவெளியில் நெருக்கி நட வேண்டும். சாய்த்துக் குறுக்கும் நெடுக்குமாக வைத்துக் கட்டினால் நாய் நுழையாது. நட்ட பிறகு தண்ணீர் ஊற்றிக் கொல்லாதே. மழையே போதும். முதல் வருசம் அது உயிர் பிடிப்பதைப் பார்த்துக்கொண்டு இரு. கோவையும் வேலிப்பருத்தியும் நீ வைக்கவேண்டியது இல்லை, குருவியும் காற்றும் கொண்டுவந்து போடும். வந்தால் பிடுங்காதே. மாப்பிள்ளைக்கு அது களை மாதிரித் தெரியும், சொல்லி வை.

அடுத்த ஆடியில் கிழங்கு. அதைப் பார்த்தாயானால் ரெண்டு கை விரித்த மாதிரி கவைத்து இருக்கும். கலப்பைக் கிழங்கு என்கிறது அதனால்தான். ஒவ்வொரு கையின் நுனியிலும்தான் முளைக்கண். அது ஒடிந்தால் மிச்சக் கிழங்கு எவ்வளவு பெரிசாக இருந்தாலும் முளைக்காது. பிடிக்கும்போது நுனியைத் தொடாமல் நடுவில் பிடி. ஐம்பது கிராமுக்குமேல் எடை உள்ள கிழங்குதான் அந்த வருசமே பூக்கும், அதைப் பொறுக்கித் தருகிறேன். உன் இடம் சரளை கலந்த செம்மண் என்றாயே, அது ரொம்ப நல்லது. களிமண்ணும் தண்ணீர் தேங்குகிற இடமும்தான் இதற்கு எமன், கிழங்கு அழுகிவிடும். வேலிக்கு உள்பக்கம், கிளுவைத் தூரிலிருந்து ஒரு முழம் தள்ளி, மண்ணைக் கொத்தி மக்கிய ஆட்டுப்புழுக்கை கலந்து, ரெண்டு மூன்று அங்குல ஆழத்தில் கிழங்கைப் படுக்க வைத்து மூடு. ஒன்றுக்கொன்று ஒன்றரை அடி இருக்கட்டும். பக்கத்தில் ஒரு குச்சி நட்டு அடையாளம் வை. முளை வந்ததும் அந்தப் பக்கம் மண்வெட்டி போடாதே. ஒரு கண்ணுக்கு ஒரு தண்டுதான் வரும், அது ஒடிந்தால் அந்த வருசம் அதற்கு அவ்வளவுதான்.

இலையில் கறுப்பு உடம்பில் வெள்ளையும் சிவப்புமாய்ப் புள்ளி வைத்த புழு வரும். இந்தச் செடியையும் லில்லி வகைகளையும்தான் தின்னும். நாலு நாள் கவனிக்காவிட்டால் தண்டு மட்டும் மிஞ்சும். குச்சியில் தட்டி எடுத்துப் போடு, மருந்து அடிக்காதே. மருந்தடித்த பூவுக்கு எந்தத் தேன்சிட்டு வரும்?

தை பிறந்ததும் இலை பழுக்கும். மாசிக்குள் செடி காய்ந்து காணாமல் போகும். அப்போதுதான் நீ அதற்குச் செய்யக்கூடிய பெரிய உபகாரம், ஒன்றும் செய்யாமல் இருப்பது. பழைய கிழங்கு சுருங்கிப் போய், புதுக் கிழங்கு உள்ளே தூங்கிக்கொண்டு இருக்கும். வெயில் காலம் முழுக்க அது காய்ந்து கிடக்க வேண்டும். பாவமே என்று தண்ணீர் ஊற்றினால் தூக்கத்திலேயே அழுகும். துணி துவைக்கிற தண்ணீரும் பாத்திரம் கழுவுகிற தண்ணீரும் போகிற பக்கத்தில் வைக்கவே வைக்காதே. இருக்கிறதா செத்ததா என்று தோண்டியும் பார்க்காதே. மழை வாசம் வந்ததும் அதுவே வரும்.

விதை போட்டும் வளர்க்கலாம். முளைக்கவே ரொம்ப நாள் ஆகும், பூவுக்கு மூன்று நாலு வருசம் ஆகும். சந்தையில் யாராவது காட்டிலிருந்து தோண்டி வந்த கிழங்கு விற்றால் வாங்காதே. வயலுக்கு நடவென்று மலையிலும் காட்டிலும் தோண்டித் தோண்டியே இந்தச் செடி பாதி குறைந்தது. என் வேலியில் ஒன்று ரெண்டாகிக்கொண்டேதான் இருக்கிறது. உனக்கு அது போதும்.

இப்போது அப்பத்தா சொன்ன விசயத்துக்கு வருகிறேன். இதை மாப்பிள்ளைக்கும் படித்துக் காட்டு.

இந்தச் செடியில் விசம் இல்லாத பாகம் எதுவும் கிடையாது. கிழங்கும் விதையும் கொல்லும். கிழங்கைப் பார்த்துச் சர்க்கரைவள்ளி என்று நினைத்து வேகவைத்துத் தின்று இலங்கையில் எத்தனையோ பேர் செத்திருக்கிறார்கள். வேகவைத்தால் விசம் போகாது. தின்ற சில மணி நேரத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும், காலரா மாதிரி. அதற்கப்புறம் கொஞ்சம் தெளிந்த மாதிரி தெரிந்தாலும் நம்பக்கூடாது. அடுத்த நாட்களில்தான் சிறுநீரகம், இதயம், ரத்தம் என்று ஒவ்வொன்றாகப் பிடிக்கும். பிழைத்து வந்தவர்களுக்கும் தலைமுடி கொட்டிப் போகும். கவுட்டுக்கு மருந்து என்று சொன்னேனே, அது டாக்டர் மில்லிகிராம் கணக்கில் கொடுக்கிற மாத்திரை. அதைக் கேட்டுவிட்டு யாராவது மூட்டுவலிக்கு என்று உன் வேலியில் விதை பறிக்க வந்தால் விடாதே. பிரசவ வலி வரவும் கருக்கலைக்கவும் இந்தக் கிழங்கைக் கொடுத்து உயிரைப் போக்கிய கதைகள் பழைய ஆட்களுக்குத் தெரியும்.

அதனால், கிழங்கைத் தொடும்போது கையுறை போடு, பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவு. நடுவதற்கு முன்னால் கிழங்கை அடுப்படியில் வைக்காதே, காய்கறிக் கூடை இருக்கிற அறையிலேயே வைக்காதே. காய் பழுத்து வெடித்தால் உள்ளே விதை ஆரஞ்சுச் சிவப்பாகப் பளபளவென்று இருக்கும், குழந்தை கண்ணுக்கு மிட்டாய்தான். காய் பச்சையாக இருக்கும்போதே பறித்து, குழி தோண்டிப் புதைத்துவிடு. இந்த ஒரு வேலையை மறந்தாயானால் செடியே வேண்டாம். ஆட்டுக்கும் மாட்டுக்கும் இது ஆகாது. வெட்டிய கொடியைத் தீவனத்தோடு சேர்க்காமல் பார்த்துக்கொள். எப்போதாவது யாராவது தின்றுவிட்டார்கள் என்று சந்தேகம் வந்தாலே போதும், வீட்டு வைத்தியம் பார்த்துக்கொண்டு நிற்காமல், செடியில் ஒரு துண்டையும் கையில் எடுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓடு. இதற்கென்று கையில் வைத்துக் கொடுக்கிற மாற்று மருந்து இல்லை. சீக்கிரம் போவதுதான் மருந்து.

இவ்வளவையும் படித்துவிட்டு உனக்குப் பயம் வந்தால் அது தப்பில்லை. உன் சின்னவனுக்கு இப்போது எதைப் பார்த்தாலும் வாயில் வைக்கிற வயசு. கிழங்கை ஒரு வருசம் தள்ளிப்போடச் சொல்கிறதற்கு அதுவும் ஒரு காரணம். அடுத்த ஆடிக்கு அவன் சொன்னால் கேட்கிற வயசுக்கு வந்திருப்பான். அப்படியும் உனக்கு மனசு ஒப்பவில்லை என்றால் இன்னொரு வருசம் ஆகட்டும், கிழங்கு என்னிடம் எங்கேயும் போகாது. ஆனால் பயந்துகொண்டு வேண்டாம் என்று ஒரேயடியாக விட்டுவிடாதே. நம் அப்பத்தா, அம்மாயி எல்லாம் நாலு பிள்ளை, ஐந்து பிள்ளை வைத்துக்கொண்டு இந்தச் செடிக்குப் பக்கத்திலேயே வாழ்ந்தவர்கள். செடியைப் பிடுங்கிப் போடாமல், பிள்ளைக்கு அதைச் சொல்லிக் கொடுத்தார்கள். வீட்டு வாசலில் வைக்கிற அரளியும் விசம்தான். அதைப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை, அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருக்கிறது.

வேலிக்கு உள்பக்கம் கால் வைக்க இடம் இல்லாதபடி ஆவாரையும் தும்பையும் நெருக்கி விடு. பிள்ளை நேராகக் கொடியிடம் போக முடியாது. பொங்கலுக்குக் காப்புக் கட்ட ஆவாரம்பூ காசு கொடுத்து வாங்க வேண்டியதும் இருக்காது. பூளைப்பூ விதை என்னிடம் இருக்கிறது, அதையும் ஒரு மூலையில் தூவலாம்.

மாப்பிள்ளைக்கு லீவு கிடைத்தால் ஆடி பிறப்பதற்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை ரெண்டு பேரும் வாருங்கள். காரில் வராதே, போத்துக்கட்டு ஏறாது. பக்கத்தில் யாரிடமாவது பிக்அப் வண்டி கேட்டு எடுத்து வா. வருவதற்குப் பத்து நாள் முன்னால் சொன்னால் வெட்டி நிழலில் போட்டு வைக்கிறேன். அதற்குள் உன் இடத்தில் வேலி போடப்போகிற பக்கம் எத்தனை அடி என்று அளந்து சொல். மழை பெய்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடித் தேங்குகிறது என்று ஒரு மழைக்கு நின்று பார்த்து அதையும் சொல். பக்கத்துக் காட்டுக்காரர் ஆடு வைத்திருக்கிறாரா என்று கேட்டுக்கொள். வைத்திருந்தால் கண்வலிச் செடியைத் தெற்குப் பக்கம் வைப்பதா வடக்குப் பக்கம் வைப்பதா என்று அப்புறம் முடிவு செய்யலாம்.

சின்னவனுக்கு என் முத்தம். அண்ணனுக்கு முட்டிவலி எப்படி இருக்கிறது என்று எழுது.

அன்புடன்,
அத்தை